கணினி அறை வாசலில் எண்ணெய்ப் பாட்டில்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மூன்று மவுஸ்களைக் கழற்றித் துடைத்தது.

2008 பிப்ரவரி, முதல் சனிக்கிழமை. விருதுநகரில் எங்கள் வீட்டு அடுப்படிக்கு வெளியே தரையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கோயம்புத்தூரில் வேலை. மாதம் ஒருமுறை ஊருக்கு வருவேன். நான் வருகிற வாரம் அம்மா பள்ளிக்கூடத்து மவுஸ் மூன்றையும் துணிப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவார்.

அந்த மவுஸ்களின் அடியில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். வளையத்தைத் திருகினால் உருண்டை கையில் விழும். உள்ளே சின்னச் சின்ன உருளைகள். அழுக்கு அவற்றில்தான் சுற்றிக்கொள்ளும். நான் ஊக்கால் சுரண்டினேன். அம்மா பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார்.

மற்ற ஊர் மவுஸில் வருவது கறுப்பு அழுக்கு. இதில் வருவது வெள்ளி நிறம். பேப்பரில் விழுந்து மினுங்கியது.

"போன மாசத்துக்கு இது கம்மிம்மா."

"இப்ப சீசன் இல்லல்லா. ஜூன் வரட்டும், பாரு."

"நெத்தியில என்ன, தைலமா?"

"ரெண்டு நாளா கண்ணு கூசுது. வேற ஒண்ணுமில்ல. நீ சுரண்டு."

சுரண்டினேன். மூன்று நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, அம்மா இறந்துபோனார். ஐம்பத்தோரு வயது.

அம்மா பெயர் சுலைகா. சிவகாசிப் பக்கம் எம்.புதுப்பட்டிக்கு அடுத்து ஒரு ஊர். அங்கே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பதினாலு வருடம் அறிவியல் ஆசிரியை. ஊர்ப் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகிற பிள்ளைகளில் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கடை. அப்பாவை அத்தா என்போம்; அத்தா சைஃபுல்லாவுக்கு மிளகாய் வத்தல் கடை. அம்மா ஒருவர்தான் பள்ளிக்கூட வேலைக்குப் போனவர். அத்தா கேலி செய்வார்: "நாங்க விக்கிற சரக்கு தும்மல் வரும். இவ விக்கிற சரக்கு கொட்டாவி வரும்." அம்மா அத்தாவின் தட்டில் ரசத்தை ஊற்றுவார். காலை ஏழே காலுக்கு சிவகாசி பஸ், அங்கிருந்து டவுன் பஸ். ஒன்பது மணிக்குள் பள்ளிக்கூடம். பதினாலு வருடமும் இதுதான்.

2005 தொடக்கத்தில் பள்ளிக்கு மூன்று கணினிகள் வந்தன. பாட சிடிக்கள் ஒரு பெட்டி நிறைய. தலைமை ஆசிரியர் சீனிவாசகம் சார் மூன்றுக்கும் உறை தைத்துப் போட்டு, அறையைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் யாரும் தொடவில்லை.

"சார், பிள்ளைகளுக்குன்னுதான குடுத்திருக்காக?"

"பிள்ளைகளுக்குத்தான் டீச்சர். ஆனா ஸ்டாக் ரிஜிஸ்டர்ல என் கையெழுத்துல்லா இருக்கு."

"உறையத் தொறந்தாத்தான சார் அது கம்ப்யூட்டர். மூடி வச்சா வெறும் பொட்டி."

சாவி கிடைத்தது. அன்று ராத்திரி வீட்டில் இதைச் சொல்லிக்காட்டியபோது அம்மா சிரித்ததை நான் பார்த்தேன். அம்மா அதிகம் சிரிக்கிற ஆள் இல்லை.

பாடக் குறிப்பேட்டின் பின்பக்கங்களில் அம்மா கணினி வகுப்பைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். நாள் போடவில்லை. எல்லாம் ஒன்றிரண்டு வரிகள். சிலதை அப்படியே தருகிறேன்.

"மூன்று மிஷின், நாற்பத்தோரு பிள்ளை. மவுஸ் யார் கையில் இருக்கிறதோ அவர் பாடத்தைப் பார்க்கிறார். மற்றவர்கள் அவர் முதுகைப் பார்க்கிறார்கள். மவுஸ் நிமிடத்துக்கு ஒரு கை மாற வேண்டும்."

"தப்பான விடைக்கு மிஷின் முகம் சுளிப்பதில்லை. என் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அதனிடம் பத்துத் தடவை தப்புச் சொல்கிறது. என் முகத்தை நான் பார்க்க வேண்டும்."

"படம் ஓடினால் பார்க்கிறார்கள். நிறுத்தினால் கேட்கிறார்கள். அதனால் நிறுத்த வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதைத்தான் நான் முதல்நாள் படித்துக்கொண்டு வர வேண்டும். இதுவரை பாடத்தைப் படித்தேன். இப்போது நிறுத்தத்தைப் படிக்கிறேன்."

எழுதியபடியே செய்தார். சிடி ஓடும்போது ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். சரியான இடத்தில் "நிறுத்து" என்பார். மவுஸ் வைத்திருக்கும் பிள்ளை நிறுத்தும். அம்மா ஒரு கேள்வி கேட்பார். பிள்ளைகள் பதிலுக்கு நாலு கேள்வி கேட்கும். அப்புறம் படம் ஓடும்.

அந்த வருடம் ஏழாம் வகுப்பில் பத்திரகாளி என்று ஒரு பிள்ளை இருந்தாள். அவள் அம்மா செல்லக்கனி பட்டாசுத் தொழிலாளி. குறிப்பேட்டில் அதிகம் வரும் பெயர் அவளுடையதுதான். "ப.காளி இன்று நான் சொல்லாமலே நிறுத்தினாள். நான் நினைத்த இடத்திலேயே." இந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

ஆகஸ்டில் மவுஸ்கள் மக்கர் செய்யத் தொடங்கின. திரையில் அம்பு துள்ளியது, ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. மதுரை சர்வீஸ் கம்பெனிக்கு சீனிவாசகம் சார் இரண்டு கடிதம் போட்டார். ஆள் வரவில்லை.

அப்போது நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்து, சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் பிளேட் எடுக்கும் மிஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு மவுஸை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். திறந்தேன். உருளை மூன்றும் வெள்ளி.

"என்னம்மா இது?"

அம்மா விரலால் தொட்டுப் பார்த்தார். "அலுமினியத் தூள். கம்பி மத்தாப்புல பூசுற மருந்துல இருக்கும். சீசன்ல வீடு வீடா மத்தாப்பைக் கொண்டாந்து இறக்குவாக. பிள்ளைக பத்துப் பத்தா அடுக்கிப் பெட்டியில போடும். அது கையோட வரும்."

வீட்டுக்கு மத்தாப்பு வரக் கூடாது, பிள்ளைகள் தொடக் கூடாது. எல்லோருக்கும் தெரியும். தீபாவளி ஆர்டர் வந்துவிட்டால் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

நான் சொன்னது இது: "இது உலோகம்மா. உள்ள போச்சுன்னா சர்க்யூட் ஷார்ட் ஆயிரும். மவுஸோட போகாது, மிஷினே போயிரும். கை கழுவிட்டுத் தொடச் சொல்லுங்க. கறையோட வந்தா உள்ளயே விடாதீக."

இதில் பாதிதான் உண்மை. உருளையில் அழுக்குச் சேர்ந்தால் அம்பு துள்ளும். அவ்வளவுதான். அந்த அளவுத் தூளில் சர்க்யூட் ஷார்ட் ஆக வாய்ப்பு மிகக் குறைவு. மிஷின் கெட வாய்ப்பே இல்லை. எனக்கு அது அன்றைக்கே தெரியும். பயந்தால்தான் கை கழுவுவார்கள் என்று சேர்த்துச் சொன்னேன். படித்தவள் சொன்னாள் என்று அம்மா நம்பினார். சீனிவாசகம் சார் அதைவிட அதிகமாக நம்பினார்.

அதோடு நிற்கவில்லை. அச்சகத்தில் மிச்சமிருந்த ஆர்ட் அட்டையில் ஒரு அறிவிப்பு அடித்துக் கொடுத்தேன். நாலு கலர். மேலே இரண்டு கைகளின் படம். கீழே கொட்டை எழுத்தில்: கை சுத்தமாக உள்ளவர்கள் மட்டும் உள்ளே வரவும். லேமினேட் செய்தேன். அழகாக வந்திருந்தது. எனக்குப் பெருமைதான்.

கணினி அறைக் கதவில் அதை ஒட்டினார்கள். முதல் நாள் அம்மாவே வாசலில் நின்று கைகளைப் பார்த்தார். நாற்பத்தோரு பிள்ளைகளில் ஒன்பது பேர் வெளியே நின்றார்கள். அதில் ஏழு பெண் பிள்ளைகள். அடிபம்புக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தார்கள். கறை போகவில்லை. மறுபடி அனுப்பினார். உள்ளே போன பையன்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொன்னார்களாம்: "ஏலே, வெள்ளிக் காப்பு போட்டவுகளுக்கு கம்ப்யூட்டர் கெடையாதாம்லே."

பத்திரகாளி மூன்று தடவை போய்க் கழுவினாள். மூன்றாவது தடவை செங்கல் துண்டை எடுத்துத் தேய்த்திருக்கிறாள். வந்து நீட்டியபோது விரல் தோல் சிவந்திருந்தது. நகக்கண்ணில் வெள்ளி அப்படியே இருந்தது. பீரியட் முடிய ஐந்து நிமிடம்தான் பாக்கி.

"நாளைக்கு நல்லா கழுவிட்டு வா" என்று அம்மா சொன்னார்.

அவள் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

அந்த வாரம் மவுஸ் முன்னைவிட மோசமானது. நாங்கள் ஊகித்ததற்கு நேர்மாறு. சுத்தக் கைகள் மட்டும் தொட்டும் அம்பு அசையவே இல்லை. பத்திரகாளியின் சிநேகிதி ஸ்ரீமதி மெதுவாகச் சொல்லியிருக்கிறாள்:

"டீச்சர், அவதான டீச்சர் தெனம் உருண்டைய எடுத்துப் பாவாடையில தொடச்சுப் போடுவா. இப்ப அவ இல்லல்லா."

"யாரு சொல்லிக் குடுத்தா அவளுக்கு?"

"யாரும் சொல்லல டீச்சர். திருகிப் பாத்தா. வந்துருச்சு."

பன்னிரண்டு வயதுப் பிள்ளை, நான் ஸ்க்ரூடிரைவரோடு உட்காருவதற்கு ஒரு மாதம் முன்பே கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறாள். அவளைத்தான் வாசலில் நிறுத்தியிருக்கிறோம்.

அன்று சாயங்காலம் அம்மா செல்லக்கனி வீட்டுக்குப் போனார். தாயும் மகளும் தரையில் உட்கார்ந்து மத்தாப்பை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பத்திரகாளி எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். என்ன பேசினார்கள் என்று அம்மா எனக்குச் சொன்னதை எழுதுகிறேன்.

"உக்காருங்க டீச்சர். எங்கன உக்காருவீக, எல்லாம் மருந்தா கெடக்கு. சேலையில ஒட்டிரும்."

"இருக்கட்டும் செல்லக்கனி. பிள்ளைய ஏன் அனுப்பல?"

"நான் போகாதேன்னு சொல்லல. அவதான் வரமாட்டேங்கா. கை சுத்தமா இருக்கவுகளுக்குத்தான் பள்ளிக்கூடமாம், கதவுலயே எழுதி ஒட்டியிருக்காகளாம். கலர் படம் போட்டு."

"அது கம்ப்யூட்டருக்குத்தான்."

"அவளுக்குப் பள்ளிக்கூடத்துல புடிச்சது அது ஒண்ணுதான டீச்சர்."

 அம்மா கேட்டார்: "இந்தக் கறை எப்படிப் போகும்?"

செல்லக்கனி சிரித்தாளாம். "பதினோரு வருசமா இந்த ஊருப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லுதீக. இது தெரியாதா? தண்ணிக்கும் போகாது, சோப்புக்கும் போகாது. தேங்காண்ணெயத் தேச்சு, பழந்துணியால தொடச்சு, பெறகுதான் சோப்பு. அப்பயும் நகக்கண்ணுல நிக்கும். கல்யாணத்துக்குப் போனாலும் எங்க கையப் பாத்தா ஊரு தெரிஞ்சு போகும்."

"சீசன் முடியவும் அனுப்பி வை செல்லக்கனி."

"பாப்போம் டீச்சர். அவ சொன்னாக் கேக்கணும்ல."

வீட்டுக்கு வந்து அம்மா சாப்பிடவில்லை. என்னிடம் கோபப்படவும் இல்லை. ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "பதினோரு வருசம் பாத்த கை, ஷிபானா. அது எப்படிப் போகும்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

நான் அன்றைக்காவது சொல்லியிருக்கலாம், ஷார்ட் ஆகாது என்று. சொல்லவில்லை. என் படிப்பின் மேல் வீட்டில் இருந்த மரியாதை எனக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் அம்மா அறிவிப்பைக் கிழித்தார். லேமினேட் செய்தது. கையால் கிழியவில்லை. கத்திரிக்கோல் வாங்கி வந்து வெட்டி எடுத்திருக்கிறார். சீனிவாசகம் சார் ஓடி வந்தார்.

"டீச்சர், ஒங்க மக சொல்லித்தான வச்சோம். மிஷினு போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்லுதேன் சார்."

"எழுதிக் குடுப்பீகளா?"

எழுதிக் கொடுத்தார். கணினிகளுக்கு எது நேர்ந்தாலும் பொறுப்பு என்னுடையது என்று ஒரு தாள். மிஷின் போய்விடும் என்று நம்பிக்கொண்டேதான் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

கதவில் அறிவிப்பு இருந்த இடத்துக்குக் கீழே ஒரு ஆணி அடித்து, தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலும் பழந்துணியும் தொங்கவிட்டார். விருப்பப்பட்டவர்கள் துடைத்துக்கொள்ளலாம். துடைக்காதவர்களும் உள்ளே வரலாம். யார் கையையும் யாரும் பார்க்கக் கூடாது. குறிப்பேட்டில்: "கறை கையில் இருந்தால் மவுஸுக்கு வரும். மவுஸுக்கு வந்தால் துடைத்துக்கொள்ளலாம். மவுஸைத் துடைப்பது சுலபம்." அன்றிலிருந்து மவுஸ் துடைப்பது எங்கள் வீட்டு வேலை ஆனது.

வெளியே நின்ற ஒன்பது பேரில் எட்டுப் பேர் பழையபடி வந்தார்கள். தீபாவளி முடிந்ததும் அம்மா திரும்பவும் செல்லக்கனி வீட்டுக்குப் போனார். வீடு பூட்டியிருந்தது. ஆனைக்குட்டத்தில் செல்லக்கனியின் தம்பி வீட்டோடு போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்க யாரும் வரவில்லை. அப்படியென்றால் அந்தப் பிள்ளை வேறு எந்தப் பள்ளியிலும் சேரவில்லை.

அம்மா தினமும் போகும் பஸ் ஆனைக்குட்டத்துக்கு ரோடு பிரிகிற இடத்தைத் தாண்டித்தான் போகும். இரண்டு தடவை இறங்கிப் போய் விசாரித்தார். ஒரு தடவை வீட்டில் யாரும் இல்லை. இன்னொரு தடவை செல்லக்கனி மட்டும் இருந்தாள். மகள் வேலைக்குப் போயிருக்கிறாள், பேச விருப்பம் இல்லை என்று சொல்லிவிட்டாள் என்றாள்.

மவுஸ் துடைத்து, சிடி ஓட்டி, நிறுத்தி, கேள்வி கேட்டு, இரண்டு வருடம் போனது. மற்ற பள்ளி ஆசிரியர்கள் அம்மாவின் வகுப்பை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பயிற்சி முகாமில் பேசச் சொன்னார்கள். அம்மா போனார். நிறுத்துவதைப் பற்றிப் பேசினார். கடைசியில், "உங்கள் அனுபவத்தில் கணினி வகுப்பில் வந்த பெரிய பிரச்சினை என்ன?" என்று யாரோ கேட்டிருக்கிறார். எல்லோரும் மின்வெட்டு என்று சொல்வார் என எதிர்பார்த்திருக்கிறார்கள். அம்மா, "வாசல்ல நின்னு கையப் பாத்தது" என்றாராம். யாருக்கும் புரியவில்லை. கைதட்டினார்களாம்.

2007 டிசம்பர் கடைசியில் அம்மா பத்திரகாளியைப் பார்த்தார். திருத்தங்கல் ரயில்வே கேட் மூடியிருந்தது. அம்மாவின் பஸ் நின்றது. பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி வேன். வேன் ஜன்னலில் அவள். பஸ் ஜன்னலிலிருந்து வேன் ஜன்னலுக்குப் பேச்சு.

"பத்திரகாளி."

அவள் முகத்தைத் திருப்பவில்லை. கொஞ்சம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், மவுஸ்ல இன்னும் உருண்டை இருக்கா?"

"இருக்கு. தொடைக்கத்தான் ஆளு இல்ல. நான்தான் வீட்டுக்குக் கொண்டு போய்த் தொடைக்கேன்."

"நீங்களா?" வேனில் இருந்த மற்ற பெண்கள் சிரித்தார்கள். "எதுல தொடைக்கீக, சேலையிலயா?"

"ஒனக்கு வயசு என்ன ஆச்சு இப்ப?"

"யாரு கேட்டாலும் பதினஞ்சுன்னு சொல்லச் சொல்லியிருக்காக. நீங்க கேக்கீக. பதினாலு."

"எட்டாம் வகுப்புப் பரிச்சைய தனியா எழுதலாம். பள்ளிக்கூடம் வராண்டாம். ஃபாரம் நான் வாங்குதேன், பாடமும் நான் சொல்லித் தாரேன். எழுதுதியா?"

ரயில் போனது. கேட் திறக்கப்போகிறது. அவள் சொன்னாள்: "கை கழுவிட்டு வரணுமா டீச்சர்?"

அம்மா இதை என்னிடம் சொன்னபோது அந்தக் குரலை அப்படியே சொல்லிக் காட்டினார். குத்தலா, விளையாட்டா என்று தெரியவில்லை என்றார். இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"வராண்டாம்" என்று அம்மா சொல்லியிருக்கிறார். "நான் வாரேன்."

"ஞாயித்துக்கெழம வாங்க. அன்னைக்குத்தான் கம்பெனி லீவு."

வேன் நகர்ந்துவிட்டது.

அம்மா தனித்தேர்வருக்கான விண்ணப்பத்தை வாங்கினார். பள்ளிப் பதிவேட்டைப் பார்த்துப் பிறந்த தேதி, தகப்பன் பெயர், முகவரி எல்லாம் தானே நிரப்பினார். கறுப்பு மையில், அச்சடித்த மாதிரி எழுத்து. ஜனவரியில் ஒரு ஞாயிறு ஆனைக்குட்டம் போய்ப் பத்திரகாளியோடு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தார். அறிவியல் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார். புத்தகத்தை வாங்கிக்கொண்டாளாம். எழுதுகிறேன் என்று சொல்லவில்லையாம். "ஃபாரத்தைக் கொண்டாங்க, பாப்போம்" என்றாளாம். பிப்ரவரி முதல் ஞாயிறு கொண்டுவருகிறேன் என்று அம்மா சொல்லிவிட்டு வந்திருக்கிறார். விண்ணப்பிக்கக் கடைசித் தேதி பிப்ரவரி பதினைந்து.

திரும்பவும் அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மூன்றாவது மவுஸை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டரை வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

"ம்மா, அன்னைக்கு ஷார்ட் ஆயிரும்னு சொன்னேன்ல. அப்படியெல்லாம் ஆகாது. எனக்கு அப்பவே தெரியும்."

அம்மா தலையைத் தூக்கவில்லை. பஞ்சை மடித்துக்கொண்டிருந்தார். "தெரியும். அம்புட்டுக் கையும் தொடுது, இத்தன நாளு ஒண்ணும் ஆகலியே."

"அப்ப ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

பஞ்சைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ சொன்ன. சரி. வாசல்ல நின்னது நான்தான். அத நீ எடுத்துக்கிடாத."

பேப்பரைச் சுருட்டி வெளியே போட்டேன். அம்மா மவுஸ்களைத் துணிப்பையில் வைத்தார்.

"நாளைக்கு ஆனைக்குட்டம் போகணும்."

"இந்தத் தலவலியோடயா? பஸ்ல குலுங்கிட்டுப் போயி இன்னும் கூடத்தான் செய்யும். அடுத்த ஞாயிறு போங்க. பதினஞ்சு வரைக்கும் டைம் இருக்குல்ல."

"அவகிட்டச் சொல்லியிருக்கேனே."

"ஒரு வாரத்துல என்னம்மா ஆயிரும்?"

அத்தாவும் சேர்ந்துகொண்டார். "பிள்ளை மாசத்துக்கு ஒரு நாளு வந்திருக்கா. இருந்து பேசிட்டு இரேன்." அம்மா இருந்துவிட்டார். ஞாயிறு முழுவதும் பெரும்பாலும் படுத்திருந்தார். நான் தைலம் தேய்த்துவிட்டேன். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். ஒருமுறைதான் கேட்டேன். ராத்திரி கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, இரண்டாவது பீரியட், ஏழாம் வகுப்பு. நீர்ச் சுழற்சிப் பாடம். கடலிலிருந்து ஆவி மேலே போகிற காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "நிறுத்து" என்றார். மவுஸ் வைத்திருந்த பிள்ளை நிறுத்தியது.

நிறுத்தினால் டீச்சர் கேள்வி கேட்பார். பிள்ளைகள் காத்திருந்தார்கள். அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். யோசிக்கிறார் என்று நினைத்திருக்கிறார்கள். சத்தம் போடாமல் இருந்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் என்று சீனிவாசகம் சார் பின்னால் கேட்டுப் பார்த்தார். ஒரு பிள்ளைக்கும் சொல்லத் தெரியவில்லை. அவ்வளவு நல்ல வகுப்பு அது.

மூளையில் ரத்தக் கசிவு. விருதுநகருக்குக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. நான் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்ததும், முன்கூட்டியே தலைவலி, கண் கூச்சம் ஏதும் இருந்ததா என்று மருத்துவமனையில் கேட்டார்கள். இருந்தது என்று சொன்னேன்.

சீனிவாசகம் சார் புதன்கிழமை வீட்டுக்கு வந்தார். அம்மாவின் கைப்பையைக் கொடுத்தார். கூடவே நாலாக மடித்த ஒரு தாள். அம்மா எழுதிக்கொடுத்த பொறுப்புக் கடிதம். "இத நான் வாங்கியிருக்கக் கூடாது" என்றார். அத்தாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். எண்ணெய்ப் பாட்டில் இப்போதும் கதவில் தொங்குகிறது என்று பிறகு ஸ்ரீமதி சொல்லித் தெரிந்துகொண்டேன். அவள் ஒன்பதாவதுக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். தங்கை அங்கே படிக்கிறாள்.

பையை ஆணியில் மாட்டினோம். யாரும் திறக்கவில்லை. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து சொந்தக்காரர்கள் போனபிறகு நான் திறந்தேன். மூக்குக்கண்ணாடி, பஸ் டிக்கெட்டுகள், தைல டப்பா. பாலித்தீன் உறைக்குள் விண்ணப்பம். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. விண்ணப்பதாரர் கையெழுத்து என்ற கட்டமும், பெற்றோர் கையொப்பம் அல்லது கைநாட்டு என்ற கட்டமும் காலி. உறையோடு ஒரு ஸ்டாம்ப் பேடு. ஒரு சின்னப் பாட்டிலில் தேங்காய் எண்ணெய், மடித்த வெள்ளைத் துணி. விண்ணப்பத்தில் கறை பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்காக.

கடைசித் தேதி போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

அம்மா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த வருடத்துக்கான விண்ணப்பம் வந்துவிட்டது. ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நிரப்பவும் செய்துவிட்டேன். அம்மாவின் எழுத்தைப் பார்த்து அதே மாதிரி. ஆனைக்குட்டம் இன்னும் போகவில்லை. போனால் அந்தப் பிள்ளையிடம் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவளை வாசலில் நிறுத்தியது அம்மாவின் தப்பு இல்லை என்பது. அந்த அறிவிப்பை அடித்தது யார் என்பது அவளுக்குத் தெரியாது.

குறிப்பேட்டில் அம்மா கடைசியாக எழுதிய பக்கத்தில் பாடம் எதுவும் இல்லை. அடுத்த ஞாயிறுக்கான வேலை மட்டும் இருக்கிறது.

"ஞாயிறு, ஆனைக்குட்டம். ப.காளி கையெழுத்து. செல்லக்கனி கைநாட்டு. போன வாரம் வராததற்கு முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். எண்ணெய் மறக்கக் கூடாது."